எட்டுக் கன்றுகளும் ஓர் ஆடும்

அன்று அடுக்குமாடியின் முன் இருந்தவர்கள் கன்றுகளைப் பார்வையிட வந்த நகராட்சி அதிகாரி, அதைக் கட்டிய முதலாளி தணிகாசலம், காவல்காரி செங்கமலம், அவளுடைய ஆடு.

ஒரு மரம் வெட்டினால் இரண்டு கன்று நடவேண்டும் என்பது விதி. நான்கு வேம்புகளை வெட்டிய தணிகாசலம், காலையில்தான் எட்டுக் கிளைகளை ஒடித்து மண்ணில் செருகியிருந்தார். அதிகாரி நம்பிவிட்டால், செங்கமலத்தின் தகரக் கொட்டகைக்கு நிழல் தரும் ஐந்தாவது வேம்பையும் முதலாளி வெட்டுவார்.

"நட்டு ஒரு வருஷமாச்சு சார். இவளையே கேளுங்க."

"முதலாளி சொன்னா சரிதாங்க ஐயா. ஒரு வருஷம்னா நல்லா வேர் பிடிச்சிருக்கும். ஆட்டை இதுல கட்டிக்கட்டுங்களா?"

தணிகாசலத்தால் மறுக்க முடியவில்லை. அவள் கட்டினாள். எதிரே புல்லைப் பார்த்த ஆடு, கன்றையும் இழுத்துக்கொண்டு நடந்தது.

இனி ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். மாலையில் செங்கமலத்தின் வேலையும் கொட்டகையும் போயின.

ஐந்து வேம்புகளில் மிச்சம் ஒன்று.