மடைப்பள்ளி மிளகாயும் மகாராஜாவின் தும்மலும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் தாழையம்பதி என்ற நாட்டைக் கொன்றைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. புரியவில்லை என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அப்படிப்பட்டவர், புதிதாகக் கட்டிய அரண்மனைக்குக் குடிவந்து மூன்று நாளாகப் பட்டினி கிடந்தார்.

விஷயம் இதுதான். நெருப்பே இல்லாத இடத்தில் புகை வந்தது.

முதல் நாள் கொலுமண்டபத்தில் புகை. "தீ! தீ!" என்று ஐம்பது பேர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து சிம்மாசனத்தையும் அதில் உட்கார்ந்திருந்த ராஜாவையும் சேர்த்து நனைத்தார்கள். தேடிப் பார்த்தால் ஒரு பொறிகூட இல்லை. மறுநாள் ஆயுதசாலையில் புகை. அங்கே ஊற்றிக்கொண்டிருக்கும்போதே ராணியின் அறையில் புகை. பாதிக் குடம் இங்கே, பாதிக் குடம் அங்கே. மூன்றாம் நாள், எட்டு மாதக் குழந்தையான இளவரசியின் தொட்டில்மேல் புகை இறங்கியது. பிள்ளை இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிட்டது. 

ராஜா குழந்தையையும் ராணியையும் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டுச் சபையைக் கூட்டினார். "இது புகையா, பேயா? யாராவது சொல்லித் தொலையுங்கள்!"

அரண்மனையைக் கட்டிய அலங்காரப்பர் எழுந்தார். அவர் எழுந்து நிற்பதே ஒரு ஊர்வலம் மாதிரி இருக்கும். "பேய் இல்லை பிரபு, சூனியம்! நான் எழுப்பியவை மூன்று முழத் தடிமனில் கருங்கல் சுவர்கள். ஒரு அறை எரிந்தாலும் பக்கத்து அறைக்கு அனல்கூடத் தாண்டாது. பிறகு புகை எப்படித் தாண்டும்? எல்லாம் மடைப்பள்ளிச் சடையம்மையின் வேலை. அவள் பார்வையே சரியில்லை."

தலைமைச் சமையற்காரி சடையம்மையைக் கையில் பிடித்த கரண்டியோடு இழுத்துவந்தார்கள்.

"உச்சிப்பொழுதுக்குள் புகை எங்கிருந்து வருகிறதென்று காட்டு. இல்லையென்றால் நீயும் உன் பிள்ளைகுட்டிகளும் இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது" என்றார் ராஜா.

சடையம்மை கரண்டியை இடுப்பில் செருகினாள். "காட்டுறேன் மகாராஜா. என்னை மடைப்பள்ளிக்குள்ள வச்சு வெளியே பூட்டுங்க. சாவி அலங்காரப்பர் ஐயா இடுப்புல இருக்கட்டும். நீங்க எல்லாரும் அந்தக் கோடி அறைக்குப் போயி, கதவு ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காருங்க. நான் அடுப்பை விட்டு எழுந்திரிக்காமலே ஐயாவை அழ வைக்கிறேன்."

சபை கொல்லென்று சிரித்தது. "நடுவில் பதினோரு சுவர் இருக்கிறது, பெண்ணே!" என்றார் அலங்காரப்பர்.

ராஜாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புகையைக் காட்டச் சொன்னால் ஆளை அழவைக்கிறேன் என்கிறாளே? இருந்தாலும் எல்லாம் விளங்கியவர் போலத் தலையை ஆட்டிவைத்தார்.

கோடி அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சேனாதிபதி தும்மினார். அடுத்து ராஜா தும்மினார், விடாமல் ஒன்பது தடவை. திரும்பிப் பார்த்தால் அலங்காரப்பரின் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர்.

"என்ன ஓய், அழுகிறீரா?"

"இல்லை பிரபு... ஆனந்தக் கண்ணீர்! இந்த விதானத்தின் வேலைப்பாட்டைப் பார்த்ததும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது."

ராஜா அண்ணாந்து பார்த்தார். தாமரை தாமரையாகச் செதுக்கிய மரப்பலகைகள். அவற்றின் இடுக்கு வழியாக மெல்லிசாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது.

இருமிக்கொண்டே எல்லாரும் மடைப்பள்ளிக்கு ஓடிப் பூட்டைத் திறந்தார்கள். அடுப்பில் ஒரு கூடை காய்ந்த மிளகாய் கருகிக் கிடந்தது. சடையம்மை மணையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"உனக்கு மட்டும் ஏன் கண் எரியவில்லை?" என்று ராஜா திகைத்தார்.

"புகை இங்க தங்கினாத்தானே மகாராஜா எரியும்? அம்புட்டும் மேலே ஏறிருச்சு. ஏணி வச்சுப் பாருங்க."

ராஜாவே ஏறினார். ஒரு பலகையை நகர்த்தித் தலையை நீட்டினார். பெருமையாகச் சொன்ன கருங்கல் சுவர்கள் எல்லாம் பலகையோடு நின்றுவிட்டன. அதற்கு மேலே, ஓட்டுக்கூரை வரைக்கும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடுப்பே இல்லாத ஒரே இருட்டு வெளி. மடைப்பள்ளிப் புகைபோக்கி கூரையைத் தாண்டவே இல்லை. அந்த இருட்டுக்குள்ளேயே வாய் திறந்திருந்தது. பக்கத்து உத்தரத்தில் கை வைத்தவர் சுரீரென்று இழுத்துக்கொண்டார். மேலே கரி, உள்ளே செக்கச்செவேலென்று கனல்.

"தண்ணீர்!"

மூன்றே குடம். அணைந்துவிட்டது. மூன்று நாளாகக் கொட்டிய தண்ணீரில் ஒரு சொட்டுகூட நெருப்பைத் தொடவில்லை என்பது அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால், கனல் மேல்வழியாகவே ஓடி, எல்லா அறைமேலும் ஒரே சமயத்தில் கூரை இறங்கியிருக்கும்.

"புகைபோக்கியை ஏன் ஐயா வெளியே விடவில்லை?"

"கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் முகப்பு அழகு கெட்டுவிடுமே என்றுதான், பிரபு..." என்று இழுத்தார் அலங்காரப்பர்.

ராஜா சடையம்மையிடம் திரும்பினார். "இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"பால் காய்ச்சின அன்னிக்கே சொன்னேனே! 'அடுப்பு ஊதுறவளுக்குக் கூரையைப் பத்தி என்ன பேச்சு'ன்னு ஐயா கேட்டாரு. நீங்களும் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க, மகாராஜா."

மிளகாய்ப் புகையில் தும்மலோடு தப்பித்த ராஜாவுக்கு இப்போது கண் கலங்கிவிட்டது. "எனக்குப் புரியவில்லை அம்மா. புரியாததை மறைக்கத்தான் சிரித்தேன்" என்று சபையறியச் சொன்னார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். இனி அரசாங்கக் கட்டடம் எதற்கும் சடையம்மை பார்த்துச் சரி சொல்லாமல் கூரை மூடக் கூடாது என்று ஆணை போட்டார்.

மறுநாளே பதினோரு சுவர்களும் ஓடு வரைக்கும் ஏற ஆரம்பித்தன. செங்கல் சுமந்தவர்களில் பட்டு அங்கவஸ்திரத்தைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்த ஒருவர், கூரைக்கு வெளியே நீட்டிய புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக் கேட்டார்: "உயரம் போதுமா, அம்மா?"

சடையம்மை நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் ரெண்டு முழம் ஏத்துங்க, அலங்காரப்பரே" என்றாள்.

ஏற்றினார்.