விரிசல் விட்ட ஜாடி

புதுச்சேரியில் பரந்தாமன் என்று ஒரு பீங்கான் கலைஞர். வாயைத் திறந்தார் என்றால் அதை மூடச் சூளைக் கதவுதான் வேண்டும். அவரிடம் வேலை பார்த்த குழலிக்கு ஒரே ஆசை. தான் வனைந்த கிண்ணம் ஒன்றாவது அவருடைய கண்காட்சிக்குப் போகவேண்டும்.

அன்று விருந்தினர்கள் சூழச் சூளையைத் திறந்தார்கள். குழலியின் கிண்ணத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

“விரிசல் விட்டதெல்லாம் குப்பைக்கு! என் கண்காட்சிக்கு வராது” என்றார் பரந்தாமன்.

அடுத்து ஒரு ஜாடி வந்தது. விரிசல் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓடியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே நீலப் பூச்சு என்பதால் யார் வனைந்தது என்று தெரியவில்லை.

“எந்தக் கழுதை செய்தது இது? உடை!”

குழலி சுத்தியலை எடுத்தாள். “உடைச்சிடறேன் சார். அதுக்கு முன்னாடி அடியில செஞ்சவங்க முத்திரையைப் பார்த்துட்டா, யாரைத் திட்டணும்னு தெரிஞ்சிடும்.”

கவிழ்த்தாள். பரந்தாமனின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். “இது விரிசலே இல்லை. நெருப்பில் மண் விட்ட பெருமூச்சு! கண்காட்சிக்கு எடுத்து வை.”

“சரிங்க சார்.” குழலி ஜாடியை எடுத்து வைத்தாள். பக்கத்திலேயே தன் கிண்ணத்தையும் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“இதுவும் அதே நெருப்புலதான் மூச்சு விட்டுச்சு சார். சின்னக் கிண்ணம், அதான் சின்ன மூச்சு.”

விருந்தினர்கள் சிரித்த சிரிப்பில், கிண்ணத்தை எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.