வஜ்ரவேலு வீட்டு பின்பால் மெஷின்

சேலத்தில் பொருட்காட்சி விளையாட்டு மெஷின்களை ரிப்பேர் பார்க்கிறவள் சகாயமேரி. ஏற்காட்டு எஸ்டேட்காரர் வஜ்ரவேலு, கிடைக்கவே கிடைக்காத பழைய பின்பால் மெஷின் ஒன்றை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டாள். ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு இரும்புக் குண்டை ஓடவிடும் அந்த மெஷினைப் பார்க்க அன்றே மலையேறிவிட்டாள்.

பங்களா வாசலில் செருப்பைக் கழற்றினாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு ஜோடி தூசி படிந்து கிடந்தன. உள்ளே போனால் ஆளரவமே இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வஜ்ரவேலு மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விலை கிலையெல்லாம் அப்புறம். என்கூட ஒரு ஆட்டம் ஆடு. ஜெயிச்சா சும்மாவே தூக்கிட்டுப் போ. தோத்தா இங்கேயே இருந்துடணும். இதுவரைக்கும் என்னை ஒருத்தரும் ஜெயிச்சதில்ல."

மெஷினுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வாசல் செருப்புகள் யாருடையவை என்று மேரிக்குப் புரிந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியவங்க இருக்கும்போது நான் முதல்ல ஆடினா மரியாதையா இருக்காதுங்க. நீங்க ஆரம்பிச்சு வைங்க ஐயா."

மரியாதை என்றதும் மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டே எழுந்து ஸ்பிரிங் பிடியை இழுத்தார். விரல்கள் பிடிக்குள் புகுந்து புகை மாதிரி மறுபக்கம் வந்தன. மறுபடி இழுத்தார். மறுபடியும் புகைதான்.

"அடப்பாவமே! ஆடவே முடியாதவர்கிட்டயா இத்தனை பேரும் தோத்தாங்க? அப்போ உள்ள இருக்கிற யாருமே தோக்கலையே!" என்று மேரி உரக்கக் கேட்டாள்.

வாசலில் சரசரவென்று செருப்புச் சத்தம் கிளம்பியது.

வஜ்ரவேலுவின் குரல் சுருங்கிப்போனது. "மெஷினையாவது வாங்கிக்கிறியா?"

"வேண்டாங்க. ரிப்பேர் மெஷின்ல இல்ல."

வெளியே வந்தாள். வாசலில் ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது. அவளுடையது.