நைட்டி மேல் பட்டுக்கு வந்த வயிற்றெரிச்சல்

ஒரு நாட்டில் ஒரு யுவராணி இருந்தாள். பெயர் நீலவேணி. அரண்மனையை வர்ணித்துக்கொண்டிருக்க நேரமில்லை. பெரிய அரண்மனை, அவ்வளவுதான். கதை நடந்தது அவளுடைய பீரோவுக்குள்.

அந்தப் பீரோவில் ஒரு பச்சைப் பட்டுப் புடவை தொங்கியது. ஒரு பாலம் திறப்பு விழாவுக்கு நீலவேணி அதை ஒரே ஒரு தடவை கட்டினாள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் புடவையின் படம்தான். பாலத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை. அதே பச்சை வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அன்றைக்கு ஏறிய தலைக்கனம் பட்டுக்கு இன்னும் இறங்கவில்லை.

ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். யுவராணி ஒரு தடவை கட்டி வெளியே போன புடவையை மறுபடி கட்டக் கூடாது. கட்டினால் 'யுவராணிக்கு வேறு புடவை இல்லையா' என்று எழுதுவார்களாம். அதனால் பட்டு தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது.

அதைக்கூடத் தாங்கியிருக்கும். நைட்டியைத்தான் தாங்க முடியவில்லை.

சாதாரணப் பருத்தி நைட்டி. துவைத்துத் துவைத்து வெளுத்ததில் அதிலிருந்த ஊதாப் பூ, பூவா கறையா என்றே தெரியாது. மகள் இளம்பிறை பிறந்ததிலிருந்து நீலவேணிக்கு வீட்டுக்குள் அதுதான். குழந்தை அதன் தோளில் சாய்ந்தால்தான் தூங்கும். வேறு எது போட்டாலும் வீறிடும்.

ஒரு நாள் துணிமணி பார்க்கும் செங்கமலம், துவைத்த நைட்டியை அவசரத்தில் பட்டுக்குப் பக்கத்து ஹேங்கரில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"ஏய், தள்ளி நில்லு. பால் வாடை அடிக்குது," என்றது பட்டு.

"துவைச்சும் போகல பட்டம்மா. இனிமே போகாது."

"வெக்கமா இல்ல? என்னை எத்தனை கேமரா எடுத்துச்சு தெரியுமா? உன்னை ஒருத்தனாவது எடுத்திருக்கானா?"

"எங்க எடுக்கிறது? தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னாலே மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க."

பட்டு சிரித்தது. "பாத்தியா. உன்னை வெளிய காட்டவே கூசுது அவங்களுக்கு."

"ஆமா. நான் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான்."

நைட்டி இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதுதான் பட்டுக்கு எரிந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டது.

"அந்தக் குழந்தை தூங்கும்போது எப்படி இருக்கும்?"

"கனக்கும். மூச்சு சுடும். எச்சில் ஒழுகும். சில நேரம் என்னை வாயில கவ்விக்கிட்டே தூங்கிடும்."

பட்டின் சரிகை முழுக்க நெருப்பு ஓடிய மாதிரி இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால் பொறாமை. தன்மேலும் ஒரு குழந்தை அப்படித் தூங்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும் அதற்கு.

பட்டின் மடிப்புக்குள், பாலம் திறந்த அன்று குத்திய ஒரு சேஃப்டி பின் எடுக்க மறந்து கிடந்தது.

"என்ன, மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?" என்றது பின்.

"அந்த நைட்டி ஒழியணும். அது போனா அந்தத் தோள்ல நான்தான் இருப்பேன்."

"பட்டைக் கட்டிக்கிட்டு எவ பிள்ளைக்குப் பால் குடுப்பா?"

"உன்கிட்ட யோசனை கேக்கல. குத்துவியா மாட்டியா?"

"குத்துறேன். எனக்கு வேற என்ன தெரியும்."

பட்டு மெதுவாக ஒருக்களித்தது. பின் வாயைத் திறந்து நைட்டியின் முதுகில் ஏறியது. நைட்டிக்கு வலித்திருக்கும், ஆனாலும் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் செங்கமலம் வந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது.

"ஐயோ, அம்மா, போச்சும்மா," என்று தூக்கிக் காட்டினாள்.

இளம்பிறையை இடுப்பில் வைத்திருந்த நீலவேணி கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"இனிமே இவளை எப்படித் தூங்க வைக்கிறது, அக்கா?"

"ரெண்டு நாள் அழுவா. அப்புறம் பழகிக்குவா. இதைத் தூக்கிப் போட்டுடட்டுமா?"

"வேணாம். பிரசவ ஆஸ்பத்திரியில எடை கம்மியா பிறந்த பிள்ளைங்களுக்குப் பழைய பருத்தித் துணி கேட்டாங்கல்ல. பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாதே. வெந்நீர்ல அலசி, சின்னச் சின்னதா கிழிச்சு வெச்சிடு. விடியக் காலையிலேயே அங்க குடுத்து அனுப்பிடு. நாளைக்கு நானும் அங்கதான் போறேன்."

பட்டு உள்ளுக்குள் குதித்தது. ஒழிந்தது சனியன்.

"நாளைக்கு என்ன கட்டிக்கப் போறீங்க?"

நீலவேணி யோசித்தாள். "அந்தப் பச்சைப் பட்டு."

"ஒரு தடவை கட்டினதாச்சேம்மா. பேப்பர்காரன் கிழிச்சிடுவான்."

"கிழிக்கட்டும். புதுசு கட்டினா புடவையை மட்டும் எழுதுவான். பழசைக் கட்டினா, எங்க கட்டிட்டுப் போனாள்னும் எழுதித்தானே ஆகணும்? அந்த வார்டுக்கு இன்னும் தொட்டில் வேணும். நாலு பேர் படிச்சா நாலு தொட்டில் வரும்."

இது எதுவும் பட்டின் காதில் ஏறவில்லை. என்னைத்தான் கட்டுகிறாள், என்னைத்தான் என்று மட்டும் சொல்லிக்கொண்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கேமராக்காரர்கள் மொய்த்தார்கள். "அதே புடவைடா," என்று ஒருத்தன் சொன்னது பட்டுக்கு நன்றாகவே கேட்டது. நல்ல சுகமாக இருந்தது.

வார்டுக்குள் ஒரு தாய் தன் பிள்ளையை நீட்டினாள். உள்ளங்கைக்கு மேலே கொஞ்சம் பெரிசு. நீலவேணி வாங்கித் தோளில் சாய்த்தாள்.

வந்துவிட்டது. பட்டு மூச்சையே நிறுத்திக்கொண்டது.

பிள்ளையின் கன்னம் சரிகையில் பட்டது. அது முகத்தைச் சுளித்து, கையைக் காலை உதறிக்கொண்டு அழ ஆரம்பித்தது. பட்டு தன்னால் முடிந்தவரை குழைந்து கொடுத்துப் பார்த்தது. சரிகை குழையாது. பிள்ளை இன்னும் கத்தியது. கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

"சரிகை குத்துது மேடம். ஒரு நிமிஷம்," என்று நர்ஸ் ஜெசிந்தா ஓடிவந்தாள். கையிலிருந்த துணி ஒன்றை யுவராணியின் தோளில் விரித்து, பிள்ளையை அதன்மேல் படுக்க வைத்தாள்.

அழுகை அடங்கியது. பிள்ளை துணியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டது.

வெளுத்த ஊதாப் பூ.

"நீயா?" என்றது பட்டு. "நகரு."

"நகர்ந்தா அழும்."

"எனக்கு வந்த பிள்ளை அது."

"அப்படியே வெச்சுக்க. நான் நடுவுல இருக்கேன், அவ்வளவுதான்."

"உன்னைக் கிழிச்சேனே. நீ ஒழிஞ்சேன்னு நெனச்சேன்."

"தெரியும், நீதான்னு. வலிச்சுச்சு. அங்க ஒரு பிள்ளைதான் இருந்துச்சு எனக்கு," என்றது துணி. "சத்தம் போடாதே. இது தூங்குது."

துணிக்கு அடியில், பிள்ளையின் கனம் பட்டுக்குத் தெரிந்தது. சூடு தெரியவில்லை. எச்சிலும் வந்து சேரவில்லை.

நீலவேணி ஒவ்வொரு தொட்டிலாக நடந்தாள். முதல் தொட்டிலில் ஊதாப் பூ. அடுத்ததிலும் ஊதாப் பூ. ஜன்னலோரத்தில், கதவருகில், தராசுக்குப் பக்கத்தில், இருந்த தொட்டில்களில் எல்லாம் அதே வெளுத்த பூவின்மேல் பிள்ளைகள் தூங்கின.

கேமராக்கள் எல்லாம் பட்டையே எடுத்தன. பட்டு தொட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தது.