தூக்கணாங்குருவி சொன்ன குறை

தூக்கணாங்குருவி மின்மினியைப் பிடித்துவந்து, ஈரமண்ணில் ஒட்டி, கூட்டுக்குள் விளக்கேற்றுகிறது என்று பெரியவர்களே நம்புகிறார்கள். இந்தத் தவறை இன்றே திருத்திக்கொள்ளுங்கள். நாளைக்குத் தள்ளிவைக்கும் விஷயமல்ல. பொழுது சாய்ந்ததும் தூங்கிவிடும் பறவைக்கு விளக்கு எதற்கு? அது படிப்பதெல்லாம் பகலில்தான்.

அப்படிப் பகலில் படித்த மூன்று குருவிகள் முன்னொரு காலத்தில் இருந்தன. நாணலன், கீற்றன், தழையன் என்று பெயர். ஆழமான மடு ஒன்றின் மேல் சாய்ந்து நின்ற பனையில் முடிச்சனார் என்ற ஆசிரியக் குருவி அவர்களுக்குக் கூடு கட்டுவதோடு பொறுமை, உழைப்பு, நேர்மை என மூன்றையும் கற்பித்தார். மூவரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஒப்பித்தது வளர்ந்த பிறகும் நிற்குமா என்பதுதான் அவருடைய கவலை.

வளர்ந்தார்கள். ஆண்குருவி பாதிக் கூடு கட்டும். பெண்குருவி வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதி. மழை தொடங்குவதற்குள் யாரும் சம்மதிக்காவிட்டால் அந்த வருஷம் குடும்பமில்லை.

கருமேகம் திரண்ட ஒரு காலையில் பூவிழி என்ற பெண்குருவி வந்தாள். தழையன் கூட்டைச் சுற்றிப் பார்த்தாள், பிடித்துவிட்டது.

"சரி, மீதியைக் கட்டு" என்றாள்.

தழையன் நெளிந்தான். "ஒரு விஷயம். ஓலையில் போட்ட முதல் கட்டு காய்ந்த புல். காற்றுக்குத் தாங்காது."

"பச்சைப் புல்லா கிடைக்கவில்லை?"

"கிடைத்தது. அந்த இரண்டு பேரும் முந்திவிடுவார்களே என்று அவசரப்பட்டேன்."

"நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காதே?"

"கீழே மடு இருக்கிறது. முட்டைக்குத் தெரிந்துவிடும்."

பூவிழி பறந்துபோனாள். தழையன் கூட்டைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"அடேய், பெண் பார்க்க வந்தவளிடம் ஓட்டைச் சட்டியை எடுத்துக் காட்டினாயே!" என்று சிரித்தான் கீற்றன்.

பூவிழி நாணலனிடம் போய், "உன் கூட்டில் என்ன குறை?" என்று கேட்டாள்.

"குறையா? காற்றே என் கூட்டைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும்."

கீற்றனிடமும் கேட்டாள்.

"இருந்தால் அது வாத்தியார் குறை. அவர் சொன்னபடிதான் கட்டினேன்."

பக்கத்து ஓலையில் இருந்த முடிச்சனார் இருமினார்.

பூவிழி தழையனிடமே திரும்பி வந்தாள். அவன் பாதி பிரித்திருந்தான்.

"அவர்கள் கூடு எங்கே அறுந்து விழும் என்று எனக்குத் தெரியவில்லை. உன் கூடு எங்கே அறும் என்று தெரிந்துவிட்டது. பச்சைப் புல்லாகப் பார்த்துக் கட்டய்யா, காத்திருக்கிறேன். மழை காத்திருக்காது, சீக்கிரம்!"

தன் வேலையின் குறையைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் தானே சொல்லித் திருத்துகிறவரை நம்பலாம் என்பதே இக்கதையின் நீதி.

முடிச்சனார் அன்று வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டு, தம் சொந்தக் கூட்டின் முதல் கட்டைப் பார்க்கப் போனார்.