வெண்கொற்றக் குடைக்குள் ஒரு சந்தை

முன்னொரு காலத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே கிடந்த கணவாய் நாட்டை மகுடவாணன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நாட்டைத்தான் அவன் ஆண்டான். அவனையும் சேர்த்து எல்லோரையும் ஆண்டது வானம். அந்த வானத்துக்கு ஒரு நிலை கிடையாது. காலையில் கம்பளி போர்த்திக்கொண்டு பல் துலக்கியவன் உச்சிப்பொழுதில் வேர்த்துக் கொட்டி விசிறியைத் தேடுவான். விசிறி கைக்கு வருவதற்குள் மழை அடிக்கும். சித்திரையில் ஆலங்கட்டி விழும், ஐப்பசியில் புழுதி பறக்கும். வடகம் காயப்போட்டவள் பெற்ற தாய் வந்தாலும் முற்றத்தை விட்டு நகரமாட்டாள். அதனால் அந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "குடை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் குடைக்குத்தான் ஆபத்து வந்தது. அரசவையில் தாண்டவராயர் என்று ஒருவர், ராஜாவின் வெண்கொற்றக் குடைக்கு அதிகாரி. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவருக்கு வேலையே குடை பிடிப்பது, கேட்க வேண்டுமா! ராஜா எதற்கெடுத்தாலும் மந்திரி நாகண்ணரைக் கூப்பிடுவது அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் புலவர்கள் பாடி முடித்ததும் எழுந்தார்.

"மகாராஜா! தங்கள் வெண்குடை நிழலில் நாடே குளிர்ந்திருக்கிறது என்று பாடினார்களே, அது பொய்யா?"

"பொய்யா? அதற்குத்தானே பொற்கிழி கொடுத்தேன்!"

"அப்படியானால் குடிமக்கள் ஆளுக்கொரு ஓலைக்குடையோடு திரிவது ஏன்? ராஜாவின் குடை போதவில்லை என்றல்லவா ஆகிறது? மந்திரியார் இதையெல்லாம் எங்கே கவனிக்கிறார்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி இந்த நாட்டுக்கு ஒரே குடைதான். வேறு குடைக்குக் கீழே நிற்பவர் யாராயிருந்தாலும் நாடு கடத்தப்படுவார். இது என் வாக்கு!"

நாகண்ணர் வாயைத் திறந்தார். ராஜா முறைத்தான். அவர் மூடிக்கொண்டார்.

அப்புறம் ஜனங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. வாழை இலை, முறம், சாக்கு, கையில் அகப்பட்டதெல்லாம் தலைக்குப் போயிற்று. ஒரு கல்யாண மாப்பிள்ளை கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் போனான்.

"என்னய்யா இது, குடையா?" என்று காவலன் மறித்தான்.

"சீர்வரிசைங்க! வேணும்னா கட்டிலைத் தட்டிப் பாருங்க."

எல்லோருக்கும் கட்டில் கிடைக்குமா? மோர் விற்கும் செங்கமலம் தன் ஓலைக்குடையை மோர்ப்பானைக்கு மூடி போலக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒருநாள் நடுவழியில் ஆலங்கட்டி விழ, கைக்குழந்தை வீறிட, மூடியை எடுத்துக் குழந்தைக்குப் பிடித்தாள். தாண்டவராயரே அவளைப் பிடித்து அவைக்குக் கொண்டுவந்தார்.

"பச்சப்புள்ள மண்டையில கல்லு விழுந்துச்சு சாமி. பெத்தவ நான் பாத்துக்கிட்டு நிக்கவா?" என்று அழுதாள்.

ராஜாவின் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் வாக்கு கொடுத்தாயிற்றே! "நாளைச் சந்தை கலைந்ததும் இவளை மலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள்" என்றான். மலைக்கு அப்பால் புலிக்காடு. நாகண்ணர் அவள் கைக்குழந்தையைப் பார்த்தார். ஆனாலும் முகத்தில் எதையும் காட்டாமல் கைகட்டி நின்றார்.

"தீர்ப்பு தங்கள் சித்தம், மகாராஜா. தங்கள் குடையின் பெருமை இவளுக்குத் தெரியாமல் போனதுதான் குறை. நாளைச் சந்தைக்குத் தாங்கள் குடையோடு எழுந்தருளினால், வேண்டியவர்கள் எல்லோரும் அதன் கீழ் ஒதுங்கலாம் என்று பறையறைவிக்கிறேன். கண்ணாரப் பார்த்துவிட்டுப் போகட்டும்."

"பலே!" என்றான் ராஜா. ஊர் பார்க்கக் குடை பிடிக்கலாம் என்று தாண்டவராயருக்கும் உச்சி குளிர்ந்தது.

மறுநாள் சந்தைத் திடலில் வெயில் கொளுத்தியது. குடைக்குள் ராஜா நின்றான், தாண்டவராயர் காம்பைப் பிடித்து நின்றார். ஜனங்கள் பயந்து தள்ளியே நின்றார்கள். திடீரென்று மேற்கே இருட்டியது. காற்று ஒரு சுழற்று சுழற்ற, மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து இறங்கின.

"ராஜா குடைக்குள்ள வாங்கடோய்! பறை போட்டாங்கல்ல!"

வெற்றிலைக்காரர் வந்தார், வளையல்காரி வந்தாள், கட்டில் மாப்பிள்ளை பெண்டாட்டியோடு வந்தான். ஒருவன் எருமையோடே வந்தான். "கொஞ்சம் நகருங்க சாமி, மாடு நனையுது!" என்று அவன் இடித்த இடியில் ராஜா குடைக்கு வெளியே போய் நின்றான். கிரீடத்தில் ஆலங்கட்டி டங் டங்கென்று மோதியது.

"தாண்டவராயரே! குடை!"

"எருமை என் காலை மிதித்துக்கொண்டிருக்கிறது, மகாராஜா!"

ஓரமாகக் காவலில் நின்ற செங்கமலத்தின் காலடியில் பறிமுதல் செய்த ஓலைக்குடை கிடந்தது. அவள் யோசிக்கவில்லை. இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து ராஜாவின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"குனிஞ்சுக்குங்க சாமி, கல்லு பெருசா விழுது."

ராஜா குனிந்து உள்ளே நுழைந்தான். குழந்தை அவன் மீசையைப் பிடித்துக்கொண்டது. அப்போது நனைந்து நின்ற நாகண்ணர் குரல் கொடுத்தார்.

"காவலர்களே! வேறு குடைக்குக் கீழே நிற்பவர் யாராயிருந்தாலும் நாடு கடத்த வேண்டும் என்பது அரச வாக்கு. இதோ, நிற்கிறார்கள். அழைத்துப் போங்கள்!"

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். ராஜா தலைக்கு மேலிருந்த ஓலையைப் பார்த்தான், தன் வெண்குடைக்குள் நின்ற எருமையைப் பார்த்தான்.

"மழை விடட்டும், நாகண்ணரே, போகிறேன்" என்றவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திடலே சிரித்தது. "அந்த வாக்கு மழையோடு போகட்டும்! என் குடை எத்தனை பேருக்குக் காணும் என்று தெரிந்துவிட்டது. அவரவர் குடை அவரவருக்கு!"

நாகண்ணருக்கு முத்துமாலை கிடைத்தது, செங்கமலத்துக்குக் கன்றோடு ஒரு பசு. சந்தை நாள்தோறும் மோர்க்காரிகளுக்குக் குடை பிடிக்கும் வேலை தாண்டவராயருக்கு. "அண்ணே, கெழக்கால சாச்சுப் பிடிங்க, வெயிலு திரும்பிருச்சு" என்பாள் செங்கமலம். அவர் சாய்த்துப் பிடிப்பதற்குள் மழை வந்துவிடும்.

புலவர்கள் மட்டும் மாறவில்லை. ராஜாவின் குடை நிழலில் நாடே குளிர்ந்திருக்கிறது என்று இன்றைக்கும் பாடத்தான் செய்கிறார்கள். பாட வரும்போது ஆளுக்கொரு ஓலைக்குடையோடு வருகிறார்கள்.