ராஜா கேட்ட அணு

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். காதில் விழுந்ததெல்லாம் கைக்கு வந்தாக வேண்டும் அவருக்கு. ஒரு நாள் பண்டிதர் ஒருவர் வந்து, "பொருளை உடைத்துக்கொண்டே போனால், இனி உடையாது என்று நிற்கும் கடைசித் துளிதான் அணு. கல்லும் மண்ணும் தங்கள் உடம்பும் அணுக்களால் ஆனவை. கண்ணுக்கு மட்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது வினை!

"எனக்கு அணு வேண்டும்!" என்றார் ராஜா.

அமைச்சர் நாகலிங்கத்தாருக்கு விகடகவி மருதப்பனைக் கண்டாலே ஆகாது. சும்மா இருப்பாரா? "மன்னர் பெருமானே, மருதப்பன் கொண்டுவரட்டும். நாளைக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

வீடு திரும்பிய மருதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது? அவன் மனைவி சொர்ணத்தம்மாளோ அடுக்களையில் ஒரு மரச்சம்புடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பெருங்காயம் தீர்ந்து பத்து நாளாச்சு. புளி போட்டு மூணு தடவை கழுவிட்டேன். பாழாப்போன வாடை போவேனாங்குது!"

மருதப்பன் சம்புடத்தை வெடுக்கென்று பிடுங்கினான். "இனி கழுவாதே தாயே! நம்ம பிழைப்பே இதுலதான் இருக்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் சபையில் எல்லோருக்கும் பால் பாயசம் உண்டு. மருதப்பன் சம்புடத்தை ராஜாவிடம் நீட்டி, "அரசே, இதனுள் அணுக்கள் உள்ளன" என்றான்.

நாகலிங்கத்தார் எட்டிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார். "வெறும் சம்புடம்! உள்ளே ஒன்றுமே இல்லை, மன்னா!"

"சத்தியமாகவா, ஐயா?" என்றான் மருதப்பன்.

"சத்தியமாக!"

"அப்படியானால் அமைச்சர் இன்றைய பாயசத்தை இதிலேயே குடிக்கட்டும், அரசே."

ராஜா சைகை காட்ட, சுடச்சுடப் பாயசத்தைச் சம்புடத்தில் ஊற்றினார்கள். ஆசையாக வாய்க்குக் கொண்டுபோன நாகலிங்கத்தாரின் முகம் அஷ்டகோணலாயிற்று.

"சிவசிவா! பெருங்காயம்!"

"ஒன்றுமே இல்லாத இடத்தில் பெருங்காயம் எப்படி வந்தது, ஐயா? கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தாம் தங்கள் மூக்கில் ஏறியிருக்கின்றன. அரசே, அமைச்சரே சாட்சி."

"சரிதான். அதில் ஒன்றைத் தனியாக எடுத்துக் கொடு" என்றார் ராஜா, விடாமல்.

"கொடுத்துவிடலாம், அரசே. அமைச்சர் மூக்கைத்தான் சற்று அறுக்க வேண்டியிருக்கும்."

நாகலிங்கத்தார் இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். ராஜா சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். "போதுமப்பா, அணுவே வேண்டாம்! நீ இந்த நாட்டை விட்டு எங்கும் போகக் கூடாது. வேண்டியதைக் கேள்."

"ஒரு கட்டிப் பெருங்காயம், அரசே. வீட்டில் நல்ல ரசம் வைத்துப் பத்து நாளாயிற்று."

ராஜா பெருங்காயத்தோடு பட்டும் முத்துமாலையும் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குச் சொர்ணத்தம்மாள் வைத்த ரசத்தின் வாசம், நாகலிங்கத்தார் வீடு வரைக்கும் போனதாம்.